பெட்டிக்குள் இருப்பது என்ன? வாங்கியவனுக்குச் சொல்லுங்கள்!

கடைத்தெருவில் ஒரு மூட்டை அரிசி வாங்குகிறோம். மூட்டையின்மீது 'பொன்னி' என்று கொட்டை எழுத்தில் அச்சிட்டிருக்கிறது. வீட்டுக்குக் கொண்டுவந்து அவிழ்த்தால் உள்ளே வேறு ஏதோ ஓர் அரிசி. கடைக்காரரிடம் சென்று கேட்கிறோம். அவர் சிரித்துக்கொண்டே, "பொன்னி என்பது மூட்டையின் பெயர்தான், உள்ளே அந்தந்த மாதம் எது மலிவாகக் கிடைத்ததோ அது இருக்கும்" என்கிறார். பொறுத்துக்கொண்டு திரும்பி வருவோமா? வரமாட்டோம்! நாலு பேரைக் கூட்டி நியாயம் கேட்போம்.

அரிசி மூட்டையில் பொறுக்காத இந்த அநியாயத்தை, அதைப்போல் முப்பது மடங்கு விலை கொடுத்து வாங்கும் மடிக்கணினியில் வாய் திறவாமல் பொறுத்துக்கொண்டிருக்கிறோமே, ஏன்? இதுதான் நமது கேள்வி.

நமது அச்சுக்கூடத்தில் பைண்டிங் பகுதியில் பணிபுரியும் தோழர் ஒருவர், கல்லூரியில் இரண்டாம் ஆண்டு பயிலும் மகளுக்கு, தவணையில் ஒரு மடிக்கணினி வாங்கிக் கொடுத்திருந்தார். எந்த நிறுவனத்துக் கணினி என்பதை நாம் சொல்லப்போவதில்லை. கணினி மந்தமாகிவிட்டதென்று, பக்கத்து வீட்டுப் பிள்ளை ஒருவன் அதை முழுவதும் அழித்துவிட்டு இயங்குதளத்தைப் புதிதாக நிறுவிக் கொடுத்தான். திரை வந்தது, எழுத்து வந்தது, இணையம் மட்டும் வரவில்லை! வைஃபை என்ற குறியே கண்ணில் படவில்லை. திங்கட்கிழமை காலைக்குள் அந்தப் பெண் கல்லூரிக்கு ஒரு கட்டுரை அனுப்பியாக வேண்டும்.

தந்தையின் கைப்பேசியில் தயாரிப்பாளரின் வலைத்தளத்தைத் திறந்தார்கள். மாடல் பெயரைக் கொடுத்தவுடன் ஒரு வைஃபை டிரைவருக்குப் பதில் மூன்று டிரைவர்கள் வரிசையாக வந்து நின்றன! மூன்றும் மூன்று வெவ்வேறு சில்லுகளுக்கு உரியவை. உங்கள் கணினிக்குள் இருப்பது எதுவோ அதற்கு உரியதை எடுத்துக்கொள்ளுங்கள் என்பது ஏற்பாடு. உள்ளே இருப்பது எது? அதை எங்கும் சொல்லவில்லை. பெட்டியில் இல்லை, ரசீதில் இல்லை, அடிப்பகுதியில் ஒட்டியிருக்கும் சீட்டிலும் இல்லை. ஒன்றை முயன்றார்கள், தோல்வி. இன்னொன்றை முயன்றார்கள், அதுவும் தோல்வி. பிறகு, ஒரே சொடுக்கில் எல்லா டிரைவர்களையும் தருகிறோம் என்று விளம்பரம் செய்த ஏதோ ஒரு நிரலை இறக்கினார்கள். அது டிரைவர் தரவில்லை. திரை முழுக்கப் பணம் கேட்கும் அறிவிப்புகளைத் தந்தது.

ஞாயிறு மாலை நாம் அவரோடு பழுதுபார்க்கும் கடைக்குச் சென்றோம். மாடிப்படிக்குக் கீழே ஒரு மேசை, ஒரு மின்விசிறி, அவ்வளவுதான் கடை. மேசைக்குப் பின்னால் இருந்த இளைஞர் மாடல் பெயரைக் கேட்கவேயில்லை.

"அண்ணே, மேலே எழுதியிருக்கிற பேரு ஏமாத்தும். உள்ளே இருக்கிற நம்பரு ஏமாத்தாது" என்றார்.

"நம்பரா? எந்த நம்பர், தம்பி?" என்றார் நமது தோழர்.

டிவைஸ் மேனேஜர் என்ற பகுதியைத் திறந்து, மஞ்சள் முக்கோணத்துக்குள் வியப்புக்குறி போட்டிருந்த ஒரு வரியைத் தொட்டு, அதன் விவரங்களில் ஹார்டுவேர் ஐடி என்ற இடத்தைக் காட்டினார் அந்தத் தம்பி. அங்கே ஒரு நீண்ட எண் இருந்தது. அதை ஒரு துண்டுத்தாளில் எழுதிக்கொண்டார். தம் கைப்பேசியைக் கம்பிவழி இணைத்து இணையம் வாங்கினார். எண்ணுக்குரிய டிரைவரைத் தேடி எடுத்து நிறுவினார். இருபது நிமிடம்! வைஃபை வந்துவிட்டது. முந்நூறு ரூபாய் வாங்கிக்கொண்டார். அந்த முந்நூறுக்காக நாம் வருந்தவில்லை. அவர் அறிவுக்கு அது குறைந்த கூலி. ஆனால், தயாரிப்பாளர் ஒரு வரியில் அச்சிட்டுக் கொடுத்திருக்க வேண்டிய செய்தியை, ஒரு தொழிலாளியின் குடும்பம் இரண்டு நாள் தூக்கம் கெட்டு விலைக்கு வாங்க வேண்டிய நிலை ஏன் வந்தது என்று கேட்கிறோம்.

எண் பேசுகிறது!

டிரைவர் என்றவுடன் பேருந்து ஓட்டுபவர்தான் நம்மில் பலருக்கு நினைவு வரும். கணினியிலும் ஏறக்குறைய அதே வேலைதான். இயங்குதளத்துக்கு ஒவ்வொரு சில்லின் மொழியும் தெரியாது. இந்தச் சில்லை எப்படி எழுப்புவது, எந்த இடத்தில் எழுதினால் ஒலி வரும், எந்த இடத்தில் படித்தால் செய்தி கிடைக்கும் என்பதையெல்லாம் அறிந்த சிறு நிரலுக்குத்தான் டிரைவர் என்று பெயர். அது இல்லையென்றால் ஆயிரக்கணக்கில் விலை பெற்ற சில்லும் ஒரு துண்டு மண்தான்.

எந்தச் சில்லுக்கு எந்த டிரைவர் என்று பொருத்துவது எப்படி? ஒரு காலத்தில் இதை மனிதன்தான் செய்ய வேண்டியிருந்தது. அட்டையிலுள்ள சிறு சிறு இணைப்பூசிகளை மாற்றி மாற்றிச் செருகி, எந்த அட்டைக்கு எந்தக் குறுக்கீட்டு எண் என்று தாளில் கணக்குப் போட்டு, கண் வலிக்க உட்கார்ந்திருந்தார்கள். 1992ல் பிசிஐ என்ற பொதுமுறை வந்தது. அதன்படி ஒவ்வொரு தயாரிப்பாளருக்கும் ஓர் எண். அவர் செய்யும் ஒவ்வொரு சாதனத்துக்கும் ஓர் எண். இரண்டும் பதினாறு பிட் கொண்டவை. ஆகவே ஒவ்வொன்றிலும் 65,536 வகைக்கு இடமுண்டு. இன்டெல் நிறுவனத்தின் எண் 8086. 1978ல் அது வெளியிட்ட புகழ்பெற்ற செயலியின் பெயரையே தன் எண்ணாக ஆக்கிக்கொண்டது! ஏ.டி.ஐ. நிறுவனத்தின் எண் 1002. அந்த நிறுவனத்தை ஏ.எம்.டி. 2006ல் வாங்கிய பிறகும் வரைகலைச் சில்லுகள் அதே எண்ணைத்தான் சொல்லிக்கொண்டிருக்கின்றன. முதலாளி மாறினாலும் எண் மாறவில்லை.

1995ல் விண்டோஸ் 95 வந்தபோது, செருகினால் போதும், தானே வேலை செய்யும் என்று பறைசாற்றினார்கள். செருகிவிட்டுச் சாமி கும்பிட வேண்டும் என்று அந்நாளில் கேலி பேசியவர்களும் உண்டு. ஆனாலும் அடிப்படை வகுத்தாகிவிட்டது. நிறுவும் நேரத்தில் இயங்குதளம் ஒவ்வொரு சாதனத்தையும் பார்த்து, நீ யார் என்று கேட்கிறது. சாதனம் தன் எண்ணைச் சொல்லுகிறது. டிரைவரோடு வரும் சிறு கோப்பில், இந்த டிரைவர் இன்னின்ன எண்களுக்கு உரியது என்று பட்டியல் இருக்கும். முதலில் தயாரிப்பாளர், சாதனம், அதைப் பொருத்திய கணினி நிறுவனத்தின் உள்ளெண் ஆகிய எல்லாம் பொருந்துகிறதா என்று பார்க்கிறது. இல்லையேல் தயாரிப்பாளர், சாதனம் ஆகிய இரண்டு மட்டும். அதுவுமில்லையேல் சாதனத்தின் இனம் எது என்று பார்த்து, அந்த இனத்துக்குரிய பொது டிரைவரைக் கொடுக்கிறது. லினக்ஸிலும் அடிப்படை இதுதான். டிரைவர் ஒவ்வொன்றும் தனக்குரிய எண்களின் பட்டியலைத் தன்னுள் வைத்திருக்கிறது.

ஆக, இயந்திரம் நேர்மையாக இருக்கிறது! கேட்டவுடன் தான் யார் என்று சொல்லிவிடுகிறது. மறைப்பது மனிதர்.

பொதுமுறை இருந்தால் என்ன நடக்கும் என்பதற்கு நம் கண்ணெதிரிலேயே சான்று இருக்கிறது. விசைப்பலகையும் மவுசும் யாரும் டிரைவர் தேடி அலையாமலே வேலை செய்கின்றனவே, எதனால்? 1996ல் வந்த யு.எஸ்.பி. முறையில் இவற்றுக்கு ஓர் இனம் வகுத்து, அந்த இனத்தைச் சேர்ந்த எல்லாமே ஒரே மொழி பேச வேண்டும் என்று எல்லா நிறுவனங்களும் கூடி ஒப்புக்கொண்டதனால். கடைத்தெருவில் இருநூறு ரூபாய்க்கு வாங்கும் பெயர் தெரியாத மவுஸ்கூட உடனே ஓடுகிறது. அந்தக் கடைத் தம்பி கைப்பேசியிலிருந்து கம்பிவழி இணையம் எடுத்தாரே, அதுவும் அப்படித்தான். அதற்குரிய பொது டிரைவர் இயங்குதளத்திலேயே இருந்தது. இருநூறு ரூபாய் மவுஸால் முடிவது நாற்பத்தையாயிரம் ரூபாய்க் கணினியால் முடியாதாம்! நம்பச் சொல்லுகிறார்கள்.

பூட்டியவர் யார்?

முடியாமையா, மனமின்மையா? ஒரே ஒரு சான்று காட்டுவோம். இன்டெல் வரைகலைச் சில்லுள்ள பல மடிக்கணினிகளில் நெடுங்காலமாக ஒரு வழக்கம் இருந்துவந்தது. சில்லைச் செய்த இன்டெல்லிடமிருந்தே புதிய டிரைவரை இறக்கி நிறுவப்போனால், இந்தக் கணினிக்கு இது சரிபார்க்கப்படவில்லை, கணினியைத் தயாரித்தவரிடம் கேளுங்கள் என்ற பொருள்படும் அறிவிப்பு வந்து வழி மறிக்கும். கணினி நிறுவனமோ இரண்டாண்டுக்கு முந்தைய டிரைவரோடு கதையை முடித்திருக்கும். பெற்ற தாயிடம் போனால் வளர்த்தவளைக் கேள் என்கிறாள். வளர்த்தவளிடம் போனால் கதவே திறக்கவில்லை! 2020ல் இன்டெல் இந்தப் பூட்டைத் திறந்துவிட்டது. வானம் இடிந்து விழுந்ததா? இல்லை. அப்படியானால் அதுவரை பூட்டு எதற்கு?

நிறுவும் நேரத்துத் துன்பங்களைச் சொல்லப் புகுந்தால் ஏடு கொள்ளாது. விண்டோஸ் எக்ஸ்பி நாளில், புதுவகை வட்டுக் கட்டுப்பாட்டுச் சில்லு இருந்தால் எஃப்6 விசையை அழுத்தி, நெகிழ்வட்டில் டிரைவர் கொடுக்க வேண்டும். கணினிகளில் நெகிழ்வட்டுச் செருகியே மறைந்துகொண்டிருந்த காலத்திலும் அது நெகிழ்வட்டுத்தான் கேட்டது! 2015ல் இன்டெல்லின் புதிய சில்லுத்தொகுதிகள் பழைய யு.எஸ்.பி. கட்டுப்பாட்டியைக் கைவிட்டன. 2009ல் வந்த விண்டோஸ் 7 நிறுவல் தட்டில் புதிய கட்டுப்பாட்டிக்கு டிரைவர் கிடையாது. விளைவு? நிறுவல் தொடங்கியதும் விசைப்பலகையும் மவுசும் செத்துப்போயின. 'அடுத்து' என்ற பொத்தான் திரையில் இருக்கிறது. அழுத்துவதற்குக் கை இல்லை. டிரைவரை நிறுவல் தட்டில் சேர்க்க ஒரு கருவியை வெளியிட்டார்கள் என்பது உண்மை. ஆனால், அதை ஓட்ட வேலை செய்யும் வேறொரு கணினி வேண்டும். ஒரே கணினி வைத்திருக்கும் வீட்டைப்பற்றி எண்ணியவர் யார்?

இந்நாளில் இன்னொரு விந்தை. விண்டோஸ் 11ன் வீட்டுப் பதிப்பு, 2021ல் வந்த நாள் முதல், முதல் அமைப்பின்போதே இணைய இணைப்புக் கேட்கிறது. இணையத்துக்கு வைஃபை டிரைவர் வேண்டும். வைஃபை டிரைவருக்கு இணையம் வேண்டும். கிணற்றில் விழுந்தவனைப் பார்த்து, மேலே வந்து கயிற்றை வாங்கிக்கொண்டு போ என்பதற்கும் இதற்கும் என்ன வேறுபாடு?

மறுப்பாரின் வாதத்தையும் கேட்போம். டிரைவர் என்பது இயங்குதளத்தின் கருவறைக்குள் புகும் நிரல். கண்டவர் கண்டதை உள்ளே விட முடியுமா என்பார்கள். நியாயமான அச்சம். 2024 ஜூலை 19ல் கிரவுட்ஸ்டிரைக் என்ற பாதுகாப்பு நிறுவனத்தின் ஒரு பிழையான கோப்பு, கருவுக்குள் இருந்த அதன் டிரைவரை நிலைகுலையச் செய்து, ஏறத்தாழ 85 லட்சம் விண்டோஸ் கணினிகளை வீழ்த்தியதாக மைக்ரோசாஃப்டே கணக்குச் சொன்னது. விமான நிலையங்களில் பயணிகள் தரையில் படுத்துக் கிடந்ததை உலகம் பார்த்தது. எனவே, கையொப்பமில்லாத டிரைவரை ஏற்கமாட்டோம் என்று 64 பிட் விண்டோஸில் விஸ்டா காலத்திலிருந்து, அதாவது 2007 முதல், வைத்திருக்கும் கட்டுப்பாட்டை நாம் குறைகூறவில்லை. ஆனால், கையொப்பம் கேட்பது வேறு. உள்ளே இருப்பது எந்தச் சில்லு என்பதை வாங்கியவனிடமிருந்து மறைப்பது வேறு. முன்னதைக் காட்டிப் பின்னதை நியாயப்படுத்துவது, வீட்டுக்குத் திருடன் வருவான் என்று சொல்லி வீட்டுக்காரனிடமே சாவியைக் கொடுக்க மறுப்பதாகும். மேலும், அன்று விழுந்த டிரைவர் கையொப்பம் பெற்ற டிரைவர்தான் என்பதையும் நினைவூட்டுகிறோம்.

தொழில் இரகசியம் என்பார்கள் சிலர். இந்தச் சொல்லுக்குப் பழைய வரலாறு உண்டு. 1980ஆம் ஆண்டையொட்டி, அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் ரிச்சர்ட் ஸ்டால்மன் என்ற இளைஞர் பணியாற்றினார். பழைய அச்சுப்பொறியில் தாள் சிக்கினால், காத்திருப்போர் அனைவருக்கும் செய்தி போகும்படி அதன் நிரலைத் திருத்தி வைத்திருந்தார். ஜெராக்ஸ் நிறுவனம் புதிய லேசர் அச்சுப்பொறி ஒன்றை வழங்கியது. அதன் மூலநிரலைத் தரவில்லை. அதை வைத்திருந்த வேறொரு பல்கலைக்கழகத்தவரிடம் நேரில் சென்று கேட்டார். யாருக்கும் காட்டமாட்டேன் என்று கையெழுத்திட்டிருக்கிறேன் என்று அவர் மறுத்துவிட்டார். சிக்கிய தாள் சிக்கியபடியே கிடந்தது. அந்த மறுப்பு ஸ்டால்மனின் நெஞ்சில் முள்ளாய்த் தைத்தது. 1983ல் அவர் குனு திட்டத்தை அறிவித்தார். ஓர் அச்சுப்பொறியின் டிரைவரைக் கொடுக்காததிலிருந்து கிளம்பிய இயக்கம் இன்று உலகம் முழுவதும் பரந்திருக்கிறது.

மறைத்தவர்களும் பின்னர் இறங்கித்தான் வந்தார்கள். பிராட்காம் நிறுவனத்தின் வைஃபை சில்லுகளை லினக்ஸில் ஓட்டுவதற்காகத் தன்னார்வலர்கள் ஆண்டுக்கணக்கில் அவற்றைத் துருவித் துருவி ஆராய்ந்து டிரைவர் எழுதினார்கள். 2010ல் அந்த நிறுவனமே திறந்த டிரைவர் ஒன்றை வெளியிட்டது. என்விடியாவை 2012ல் பின்லாந்தில் ஒரு கூட்டத்தில் லினஸ் டார்வால்ட்ஸ் விரல் நீட்டித் திட்டினார் (திட்டிய சொல்லை இந்த ஏட்டில் அச்சிட முடியாது!), 2022ல் அந்த நிறுவனமும் கருவுக்குரிய டிரைவர்ப் பகுதியைத் திறந்து வைத்தது. லினக்ஸ் ஏதோ சொர்க்கம் என்று நாம் சொல்லவரவில்லை. விரல்ரேகை படிப்பான் ஒன்றை அதில் வேலை செய்யவைக்க முயன்று கைவிட்டவர்கள் நம் அலுவலகத்திலேயே இருக்கிறார்கள். ஆனால், ஒருமுறை உள்ளே வந்த டிரைவர் பத்தாண்டு கழித்தும் அங்கே இருக்கிறது. தயாரிப்பாளர் வலைத்தளத்தின் பக்கத்தை ஒருநாள் இரவில் எடுத்துவிட்டாலும் அது போய்விடுவதில்லை.

ஏழையின் கணினி

விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14ல் முடிந்தது. அடுத்ததற்குப் போகலாம் என்றால், விண்டோஸ் 11க்கு டி.பி.எம். 2.0 வேண்டும், இன்டெல் என்றால் பெரும்பாலும் எட்டாம் தலைமுறைச் செயலியோ அதற்குப் பிந்தியதோ வேண்டும். 2011ல் தமிழ்நாடு அரசு மாணவர்களுக்கு இலவச மடிக்கணினி வழங்கத் தொடங்கியது. லட்சக்கணக்கான வீடுகளில் முதன்முதலாக நுழைந்த கணினி அதுதான். அத்திட்டத்தின் முதல் சில ஆண்டுகளில் வந்த கணினி எதுவும் இந்த வரையறைக்குள் வராது. தம்பிக்கோ தங்கைக்கோ கைமாறி இன்றும் அவற்றில் சில ஓடிக்கொண்டிருக்கின்றன. அவற்றுக்கு வாழ்வு நீட்டிக்க வேண்டுமானால் வேறோர் இயங்குதளத்தை நிறுவியாக வேண்டும். நிறுவும்போது உள்ளே என்ன சில்லு என்று தெரிந்தாக வேண்டும். பணம் படைத்தவன் புதியது வாங்கிவிடுவான். டிரைவர் கிடைக்காமல் குப்பைக்குப் போவது எப்போதும் ஏழையின் கணினிதான்.

மத்திய அரசின் நுகர்வோர் விவகாரத் துறை 2022 ஜூலையில் பழுதுபார்க்கும் உரிமை குறித்து ஒரு குழுவை அமைத்தது. அவ்வாண்டு டிசம்பரில் அதற்கென ஒரு வலைத்தளமும் திறந்தது. வரவேற்கிறோம். ஆனால், பழுதுபார்ப்பது என்றால் திருகாணியும் உதிரிப்பாகமும் மட்டும்தானா? நல்ல நிலையில் உள்ள சில்லு டிரைவர் இல்லாமல் கிடந்தால் அதுவும் பழுதுதானே! ஐரோப்பிய ஒன்றியம் 2025 ஜூன் 20 முதல், கைப்பேசியும் டேப்லட்டும் விற்பவர், அந்த மாடலின் விற்பனையை நிறுத்திய பின்னும் குறைந்தது ஐந்தாண்டு இயங்குதளப் புதுப்பிப்பு தர வேண்டும் என்று விதித்திருக்கிறது. கைப்பேசிக்கு முடிந்தது கணினிக்கு முடியாதா?

நாம் கேட்பது வானத்து நிலவை அல்ல. கணினியின் அடியில் ஒரு சீட்டு ஒட்டுகிறீர்கள். மாடல் பெயர், மின் அழுத்தம், தயாரான நாடு என்றெல்லாம் அச்சிடுகிறீர்கள். அதோடு வைஃபை, ஒலி, வரைகலை, வட்டுக் கட்டுப்பாட்டி ஆகியவற்றின் எண்களையும் அச்சிடுங்கள். நான்கு வரி! டிரைவர்களை அந்த எண்ணின்படி தேடும் வசதி கொடுங்கள். விற்பனை நின்று பத்தாண்டு வரையேனும் அவற்றை எடுக்காதீர்கள். இனி எங்களால் பராமரிக்க இயலாது என்று கைகழுவும் நாளில், அந்தச் சில்லோடு பேசும் முறையை வெளியிட்டுவிடுங்கள். பராமரிக்க ஆள் இருக்கிறார்கள். எந்த எண் யாருடையது என்ற மாபெரும் பட்டியலையே இன்று கூலி வாங்காத தன்னார்வலர்கள்தாம் தொகுத்துக் காத்துவருகிறார்கள் என்பது இவர்களுக்குத் தெரியாதா?

தனி மனிதன் கேட்டால் நிறுவனம் செவிசாய்க்காது. லட்சக்கணக்கில் வாங்குபவன் கேட்டால் சாய்த்தே தீரும். தமிழ்நாட்டின் 2025-26 நிதிநிலை அறிக்கையில், இரண்டாண்டுகளில் 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்கு மடிக்கணினியோ கைக்கணினியோ வழங்கப்படும் என்று அறிவிக்கப்பட்டது. இத்தனை பெரிய வாடிக்கையாளரை எந்த நிறுவனம் இழக்கத் துணியும்? பள்ளிக்கும் கல்லூரிக்கும் அலுவலகத்துக்கும் அரசு கணினி வாங்கும்போதெல்லாம், நினைவகம் இவ்வளவு, திரை இவ்வளவு என்று டெண்டரில் பக்கம் பக்கமாக எழுதுகிறார்கள். உள்ளிருக்கும் ஒவ்வொரு சில்லின் எண்ணையும், அதற்குரிய டிரைவரையும் ஒப்படைக்க வேண்டும் என்று அதில் ஒரு பத்தி சேர்ப்பதற்கு ஒரு காசும் செலவில்லை.

அந்தப் பைண்டிங் தோழரின் மகள், கடைத் தம்பி எழுதிய துண்டுத்தாளைக் கணினியின் அடியில் ஒட்டி வைத்திருக்கிறாள். அதைத் தயாரிப்பாளர் அச்சிட்டு ஒட்டுகிறாரா, அடுத்த டெண்டரில் அந்தப் பத்தி வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருக்கிறோம்.